எண்ணும் பெயரும்: வீட்டுக் கணக்குக்கு ஒரு மதிப்புரை

நாவலுக்கு மதிப்புரை உண்டு. நாடகத்திற்கு உண்டு. திரைப்படம் வெளிவந்த மறுநாளே, பார்த்தவரும் பாராதவரும் தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர். ஆனால், ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான தமிழ் இளைஞர் வரி விடாமல் படித்து, எழுதி, அடித்து, மீண்டும் எழுதும் உரைநடை ஒன்று உண்டு. அதற்கு மதிப்புரை எழுத மட்டும் எவரும் முன்வரக் காணோம். வேதியியல் வீட்டுக் கணக்கைத்தான் குறிப்பிடுகிறோம்.

இத்தனை கிராம் கார்பனில் எத்தனை மோல்? அத்தனை மோலில் எத்தனை அணு? இந்தச் சேர்மத்தின் பெயர் யாது? பத்தாம் வகுப்பில் ‘அணுக்களும் மூலக்கூறுகளும்’ என்னும் பாடத்தில் மாணவரைப் பற்றிக்கொள்ளும் இவ்வினாக்கள், மேல்நிலை வகுப்பில் பெருகி, நுழைவுத் தேர்வு வரை விடாது தொடர்கின்றன. எண் ஒரு பாதி. பெயர் ஒரு பாதி. இரண்டும் சேர்ந்ததே இந்த உரைநடை.

அற்பப் பொருளை எடுத்துக்கொண்டு ஆய்கிறோம் என்று எவரும் கருத வேண்டா. ஒரு சமுதாயம் தன் இளைஞரிடம் என்ன கேள்வி கேட்கிறது என்பதைப் பார்த்தால், அவர்களை எத்தகைய மனிதராக்க விரும்புகிறது என்பது விளங்கிவிடும்.

மதிப்புரைக்கு உரைகல் வேண்டும், நெய்வேலியைத் தேர்ந்துகொண்டோம். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரும்பொருள் ஒன்று வெளிப்பட்டது. அது பழுப்பு நிலக்கரி எனத் தெளிந்தது. 1956-ல் நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957-ல் சுரங்கப் பணி தொடங்கிற்று. 1961-ல் நிலக்கரி வெளிவந்தது. 1962-ல், சோவியத் நாட்டின் துணையுடன் எழுந்த அனல் மின் நிலையம் மின்சாரம் தந்தது. சிற்றூர்கள் இருந்த இடத்தில் வட்டம் வட்டமாக வகுத்த நகரம் எழுந்தது. நிலத்தை விட்டுக்கொடுத்து வெளியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தப் பகுதியின் பள்ளிகளிலே வேதியியல் படிக்கிறார்கள்.

அவர்களுள் ஒருத்தி இரவில் விளக்கடியில் அமர்ந்து, 12 கிராம் கார்பன் எரிந்தால் எத்தனை கிராம் கார்பன் டைஆக்சைடு கிடைக்கும் என்ற கணக்கைப் போடுவதாக வைத்துக்கொள்வோம். 44 என்று எழுதி, விடையின்கீழ் இரு கோடும் இட்டுவிடுவாள். தலைக்குமேல் எரியும் விளக்குக்கு ஒளி தருவது அதே வினைதான் என்பதை அந்தக் கணக்கு அவளுக்குச் சொல்வதில்லை. கணக்கும் கண்கண்ட உலகும் ஒரே ஊரில் குடியிருந்தும், முகம் பார்த்துக்கொள்ளாத அண்டை வீட்டாராய் வாழ்கின்றன. இது ஏன் நேர்ந்தது? இதனால் விளையும் கேடு என்ன? இவையே நாம் ஆராய வேண்டுவன.

முதலில் எண்ணைப் பார்ப்போம்.

ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள். அவகாட்ரோ எண் என்பது அதன் பெயர். உலகத்தின் 800 கோடி மக்களும், ஊணும் உறக்கமுமின்றி, ஆளுக்கு விநாடிக்கு ஒன்றாக எண்ணினாலும், 18 மில்லி தண்ணீரில் உள்ள மூலக்கூறுகளை எண்ணி முடிக்க ஏறத்தாழ 24 இலட்சம் ஆண்டுகள் ஆகும். அத்துணைப் பெரிய எண்!

பெரிய எண்கள் நம் நாட்டிற்குப் புதியன அல்லவே! நான்கு யுகமும் சேர்ந்தால் 43,20,000 ஆண்டு என்று புராணிகர் கூறுவர். எப்படித் தெரியும் என்று கேட்டால், ஆன்றோர் சொன்னார் என்பர். மேலும் கேட்டால், கேட்டவனுக்கு நாத்திகன் என்று பட்டம் சூட்டுவர். அதைக் கண்டு நகைக்கும் நம் இளைஞனிடமே கேட்போம்: “6.022 × 10²³ என்பது உனக்கு எப்படித் தெரியும், தோழா?” “புத்தகத்தில் போட்டிருக்கிறது” என்பான். ஏட்டில் எழுதியதாலேயே நம்பியவனுக்கும், புத்தகத்தில் அச்சிட்டதாலேயே நம்பியவனுக்கும் இடையே வேறுபாடு என்ன? எண் மாறியிருக்கிறது; மனம் மாறவில்லை. நம்பிய எண் வேறு, கண்ட எண் வேறு என்பதை வீட்டுக் கணக்கு அவனுக்குக் கற்பிக்கவில்லை. நமது முதற்குற்றச்சாட்டு இதுவே.

உண்மையில் இந்த எண்ணின் வரலாறு, எளிதில் நம்ப மறுத்தவர்களின் வரலாறாகும். 1808-ல் அணுக் கொள்கையை நூலாக்கிய டால்டன், தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன் அணுவுக்கு ஓர் ஆக்சிஜன் அணு என்று கொண்டார். எளிமை கருதிக் கொண்ட ஊகம் அது, பிழையானது. அதனால் ஆக்சிஜன் அணுவின் எடை அவர் கணக்கில் பாதிக்கும் கீழே போயிற்று. 1811-ல் அவகாட்ரோ, ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும், சம பருமனுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம் என்றார். கேட்பார் அரிதாயினர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1860-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலார் கூடிய மாநாட்டில் கன்னிசாரோ அதை எடுத்துரைத்த பின்னரே உலகம் செவிசாய்த்தது. அப்போது அவகாட்ரோ உயிருடன் இல்லை. தம் பெயர் தாங்கிய எண்ணை அவர் கண்டதுமில்லை.

‘மோல்’ என்னும் சொல்லை வழங்கிய ஆஸ்ட்வால்டின் வரலாறு இன்னும் சுவையானது. அணு என்பது கணக்குக்கு உதவும் கற்பனையே, மெய்ப்பொருள் அன்று என்று நெடுங்காலம் வாதாடியவர் அவர். அணுவை நம்பாதவர் தந்த சொல்லைக் கொண்டுதான் உலகம் அணுவை எண்ணுகிறது! 1908-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சு அறிஞர் பெரின், தண்ணீரில் மிதக்கும் மரப்பிசின் நுண்துகள்கள் உயரத்திற்கேற்ப எப்படிப் பரவி நிற்கின்றன என்பதை நுண்ணோக்கியில் எண்ணினார். அந்த வழியில் கிடைத்த எண்ணும், வேறு பல வழிகளில் கிடைத்த எண்களும் ஒன்றையொன்று நெருங்கி நின்றன. தனித்தனியே வந்த சாட்சிகள் ஒரே செய்தியைச் சொல்லின. ஆஸ்ட்வால்ட் தம் கொள்கையை மாற்றிக்கொண்டார். அதனால் அவர் மதிப்புக் குன்றவில்லை. சான்று வந்தபின் மாறுவதில் இழுக்கு ஏது?

யுகக் கணக்குக்கும் மோல் கணக்குக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஒன்றைச் சரிபார்க்க வழியில்லை. மற்றொன்றைச் சரிபார்க்கப் பல வழிகள் உண்டு. 12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்றிருந்த மோலின் இலக்கணத்தை, 2019-ஆம் ஆண்டு மே 20 முதல் உலகம் திருத்தி அமைத்தது, 6.02214076 × 10²³ என்று எண்ணையே நிலைநிறுத்தியது. தன் இலக்கணத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வேதம் எங்கேனும் உண்டா?

ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியில் இவற்றையெல்லாம் எப்படிக் காட்டுவது என்று கேட்பர். ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். 1774-ல் வெளியான கட்டுரையில் பெஞ்சமின் பிராங்க்ளின், இலண்டனை அடுத்த ஒரு குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் பரவி, ஏறத்தாழ அரை ஏக்கர் நீர்ப்பரப்பைக் கண்ணாடிபோல் ஆக்கிற்று என்று எழுதினார். தேக்கரண்டி 5 மில்லி; அரை ஏக்கர் ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால், அதில் இரண்டரைப் பங்குதான் அந்தப் படலத்தின் கனம்! மூலக்கூறு என்று ஒன்று இருக்குமானால் அதன் உயரம் அந்தக் கனத்தைவிட மிகுந்திருக்க முடியாதே. பிராங்க்ளின் இந்தக் கணக்கைப் போடவில்லை. நூறாண்டுக்குப் பின் 1890-ல் ராலே என்னும் அறிஞர் எண்ணெய்ப் படலத்தின் கனத்தை அளந்து காட்டினார். இதைக் குளத்தங்கரையில் நின்று வகுத்துப் பார்க்கும் மாணவனுக்கு மூலக்கூறு இனி வெறும் சொல்லாக இராது.

எண்ணின்மீது நமது இரண்டாம் குற்றச்சாட்டு: அது ஊரற்ற எண்ணாக இருக்கிறது.

ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் இடம் கொள்ளும் என்று மாணவர் ஒப்புவிப்பர். எந்த வெப்பநிலையில்? பூச்சியம் டிகிரி செல்சியசில்! தண்ணீர் பனிக்கட்டியாகும் நிலையில்! நெய்வேலியில் என்றைக்குக் குளம் உறைந்தது? பாடநூல் பொய் சொல்லவில்லை. திட்ட நிலை என்று குறிப்பிடத்தான் செய்கிறது. ஆனால் 30 டிகிரி வெப்பத்தில், அதே காற்றழுத்தத்தில், அதே மோல் ஏறத்தாழ 24.9 லிட்டர் இடம் கொள்ளும் என்று தன் ஊருக்கு ஏற்றவாறு கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லும் வீட்டுப் பாடம் அரிதாகவே கண்ணில் படுகிறது.

நெய்வேலிக்கு உரிய கணக்கு எப்படி இருக்கும்? இதோ ஒன்று. ஒரு டன் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழ பாதி ஈரம். கால் பங்கு, அதாவது 250 கிலோ, கார்பன் என்று கொள்வோம். அது முழுதும் எரிந்தால் என்ன ஆகும்? 12-க்கு 44 என்ற அதே விகிதந்தான்: ஏறத்தாழ 917 கிலோ கார்பன் டைஆக்சைடு. கார்பன் தந்தது 250. மீதி 667 கிலோவும் காற்றிலிருந்து எடுத்த ஆக்சிஜன். எரித்தோம், புகையாய்ப் போயிற்று, தீர்ந்தது என்று எண்ணியிருந்தவர் திடுக்கிடுவர். ஒன்றும் தீரவில்லை! 30 டிகிரியில் அந்த வாயு ஏறத்தாழ 518 கன மீட்டர் இடத்தை நிரப்பும். ஒரு டன்னுக்கு இவ்வளவு. ஆண்டுக்கு இரண்டு கோடி டன் அளவில் வெட்டி எடுக்கும் ஊருக்கு எவ்வளவு? நூறு பங்கில் ஒரு பங்கு கந்தகம் இருந்தால், டன் ஒன்றுக்கு எத்தனை கிலோ கந்தக டைஆக்சைடு? 32 பங்கு கந்தகம் 32 பங்கு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்ளுமாதலால், 10 கிலோ 20 கிலோ ஆகும். இவையெல்லாம் பத்தாம் வகுப்பு மாணவிக்கு எட்டிய கணக்குகளே. எட்டாதவாறு வைத்தது யார்?

மற்றொன்று: 1966 முதல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை ஆதாரமாகக் கொண்டு யூரியா உரம் செய்தார்கள். பின்னாளில் அந்த ஆலை மூடப்பட்டது. யூரியா மூட்டை மட்டும் எல்லா உழவர் வீட்டிலும் இருக்கிறது. அதன்மேல் நைட்ரஜன் 46 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். ஏன் 46? யூரியா ஒரு மோல் 60 கிராம்; அதில் கார்பன் 12, ஆக்சிஜன் 16, ஹைட்ரஜன் 4, நைட்ரஜன் 28. அறுபதில் இருபத்தெட்டு, ஏறத்தாழ 46.7 சதவீதம். மூட்டையில் எழுதியிருப்பதைச் சரிபார்க்கும் வல்லமை உழவன் மகளுக்கு வந்துவிட்டது! 45 கிலோ மூட்டைக்குக் கொடுத்த காசில், பயிருக்குச் சேரக்கூடிய நைட்ரஜன் 21 கிலோவுக்குச் சற்றுக் குறைவே என்று தந்தையிடம் சொல்லுவாள். அவளை ஏமாற்ற இனி எவனாலும் எளிதில் இயலாது. கல்வியின் பயன் இதுவன்றி வேறெது?

இனி, பெயர்.

பெயரிடும் பகுதியைத்தான் மாணவர் மிகவும் வெறுக்கின்றனர். மோனோ, டை, ட்ரை என்றும், ஐடு, ஐட்டு, ஏட்டு என்றும் வரிசை வரிசையாக மனப்பாடம் செய்கின்றனர். அந்த வரிசைக்குள் ஒரு பெரும் சீர்திருத்தம் புதைந்து கிடப்பதை அவர்களுக்கு எவரும் தோண்டிக் காட்டுவதில்லை.

ஐரோப்பாவிலே ஒரு காலத்தில் ஆர்சனிக் வெண்ணெய் என்றும் துத்தநாகப் பூ என்றும் பொருள்களுக்குப் பெயர் இருந்தது. அவற்றில் வெண்ணெயும் இல்லை; பூவும் இல்லை. நம் நாட்டிலோ துருசு, அன்னபேதி, நவச்சாரம், படிகாரம், வெடியுப்பு என்று பெயர்கள். கைப்பழக்கத்தாலும் கூர்த்த நோக்காலும் நம் முன்னோர் கண்டெடுத்த பொருள்கள் அவை. அப்பெயர்களை இகழ நாம் ஒருப்படோம். ஆனால் அந்தப் பெயர் தன்னுள் இருப்பது எது என்று சொல்லாது. வீரம், பூரம் என்ற இரண்டைப் பாருங்கள். இரண்டும் பாதரசமும் குளோரினும் சேர்ந்தவை. வீரம் கொடிய நஞ்சு. பூரம் அவ்வளவு கடுமையற்றது. ஐரோப்பிய மருத்துவரும் அதைப் பேதிக்குக் கொடுத்து வந்தனர். வீரத்தில் ஒரு பாதரச அணுவுக்கு இரண்டு குளோரின். பூரத்தில் ஒரு பாதரசத்துக்கு ஒரு குளோரின். இந்த வேறுபாட்டைப் பழைய பெயர் காட்டிக்கொடுக்குமா? காட்டாது. குருவுக்குத் தெரியும், அவர் சொன்னால் சீடனுக்குத் தெரியும், மற்றவர் வாயைப் பிளந்து நிற்க வேண்டியதுதான்.

1787-ல், பிரெஞ்சுப் புரட்சிக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, கைட்டன் டி மோர்வோ, லவாய்சியர் முதலிய நால்வர் சேர்ந்து, பொருளின் பெயர் அதனுள் இருப்பதைச் சொல்ல வேண்டும் என்று புதிய பெயர்முறையை வகுத்தனர். அன்று முதல் இரகசியம் பொதுவுடைமையாயிற்று. பெயரைப் படிக்கத் தெரிந்தவர் எவராயினும், எக்குலத்தவராயினும், பொருளின் உள்ளமைப்பை அறியலாம் என்ற நிலை வந்தது. அந்தச் சீர்திருத்தக்காரரும் தவறினர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமிலத்தை உண்டாக்குவது என்ற பொருளில் லவாய்சியர் ஆக்சிஜன் என்று பெயரிட்டார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்பதை 1810-ல் டேவி தெளிவாக்கினார். பெயர் நிலைத்தது, கருத்துத் திருந்திற்று.

தமிழில் இந்தப் பெயரிடும் முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்தில் தமிழில் மருத்துவம் கற்பித்த டாக்டர் கிறீனின் முயற்சியால் 1875-லேயே ‘கெமிஸ்தம்’ என்ற வேதியியல் நூல் தமிழில் வெளிவந்தது. 1916-ல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் நண்பரும் தமிழ் அறிவியற் சொற்களுக்கெனக் கழகம் அமைத்தனர். அரசியலில் நாம் அவரோடு மாறுபட்டதெல்லாம் இருக்கட்டும், தமிழில் வேதியியல் எழுத முடியும் என்று காட்டியவர்களில் அவரும் ஒருவர். 1940-ல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழு வடசொற்பக்கம் சாய்ந்தபோது தமிழறிஞர் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ந்தது நியாயமே. பிராணவாயு என்ற சொல்லால் தமிழ் மாணவனுக்கு ஆக்சிஜனைப் பற்றி என்ன கூடுதலாக விளங்கிற்று?

ஆனால் இன்று நம் முன் நிற்கும் இடர் வேறு. ஒலிபெயர்த்து எழுதுவது என்று முடிவு செய்தபின், அதைக்கூட ஒழுங்காகச் செய்கிறோமா? சோடியம் குளோரைடு சமையல் உப்பு. சோடியம் குளோரைட்டு துணி வெளுக்கும் நஞ்சு. இரண்டுக்கும் இடையே நிற்பது ஒரு டகர ஒற்று! தமிழில் உயிரிடையே தனித்து வரும் டகரம் மென்மையாக ஒலிக்கும். இரட்டித்து வந்தால் வன்மையாக ஒலிக்கும். இந்த இயல்பைக் கொண்டே டு, ட்டு என்று இரண்டையும் பிரித்துவிடலாம். அவ்வாறு பிரிக்காமல், இரண்டையும் ‘குளோரைட்’, ‘நைட்ரைட்’ என்று ஒற்றோடு நிறுத்தி எழுதும் வழக்கம் பயிற்சி ஏடுகளில் பரவிக் கிடக்கிறது. உப்பும் நஞ்சும் ஒரே எழுத்தில்! அதைப் படித்துக் குழம்பும் மாணவனை மந்தன் என்று ஏசுகிறார்கள்.

ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்கள் இவ்விடரை வேறு வழியில் தீர்த்துக்கொண்டன. அங்கே குளோரைட்டு என்றால் உப்பில் உள்ள குளோரைடு. சல்பேற்று, காபனேற்று என்று மற்றவற்றுக்கு றகர ஒற்று. கார்பன் டைஆக்சைடு அங்கே காபனீரொட்சைட்டு. இரண்டு என்பதை ‘ஈர்’ என்று தமிழிலேயே சொல்லிவிடுகிறார்கள். டை என்றால் இரண்டு என்று தனியே மனப்பாடம் செய்யும் தொல்லை அந்த மாணவனுக்கு இல்லை. ஆயினும் அங்கத்திய குளோரைட்டும் இங்கத்திய குளோரைட்டும் வேறு வேறு பொருள்! கடலுக்கு இருபுறமும் உள்ள தமிழ் வேதியியலார் அமர்ந்து பேசித் தீர்க்க வேண்டிய சிக்கல் இது. உலக மாநாடுகள் பல கண்ட மொழிக்கு இது இயலாததா?

எண்ணும் பெயரும் ஏன் இரண்டுமே வேண்டும் என்பதற்கு யூரியாவே சான்று. 1828-ல் ஜெர்மானிய அறிஞர் வோலர், அம்மோனியம் சயனேட்டு என்ற உப்பிலிருந்து யூரியாவைச் செய்தார். உயிருள்ள உடல் மட்டுமே ஆக்கக்கூடியது என்று கருதப்பட்ட பொருள், சிறுநீரில் கழியும் பொருள், உயிரற்ற குடுவையிலே பிறந்தது. உயிர்ச்சக்தி என்ற கோட்டை அன்றே தகர்ந்தது என்று பாடநூல்கள் கூறுவதுண்டு, அது கதை. கோட்டை ஒரே நாளில் விழவில்லை. பலர் பல ஆண்டுகள் மோதியபின் சரிந்தது. பகுத்தறிவாளராகிய நாம், நமக்குச் சாதகமான கதையாயினும் கதையைக் கதை என்றே சொல்ல வேண்டும். இங்கே நோக்கத்தக்கது வேறொன்று: அம்மோனியம் சயனேட்டுக்கும் மோல் எடை 60, யூரியாவுக்கும் 60. ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை. அடுக்கிய முறை மட்டும் வேறு. எண்ணை மட்டும் அறிந்தவன் இரண்டையும் ஒன்றென்பான். பெயரைப் படிக்கத் தெரிந்தவனே வேறென்பான்.

“தேர்வு நெருங்குகிறது, இதற்கெல்லாம் நேரம் ஏது? திரும்பத் திரும்பப் போட்டால்தானே கணக்குக் கைவரும்?” என்று ஆசிரியத் தோழர்கள் கேட்கக்கூடும். கேள்வி நேர்மையானது. பயிற்சி வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. தறியில் கை பழகாதவன் நெசவாளியாக முடியாது. ஆனால் எதை நெய்கிறோம் என்று அறியாமலே இழை ஓட்டுகிறவனுக்கு நெசவு எப்போது வரும்? இருபது கணக்கில் பதினேழை வழக்கம்போல் கொடுங்கள். மூன்றை மட்டும் மாற்றுங்கள். ஒன்று, இந்த எண் எப்படித் தெரிந்தது என்று கேட்கட்டும். ஒன்று, மாணவனின் ஊரிலிருந்து வரட்டும். ஒன்று, ஒரு பெயரைப் பிரித்து அதனுள் இருப்பதைச் சொல்லச் செய்யட்டும்.

ஊருக்கா பஞ்சம்? அரியலூரில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. 100 கிலோ கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பும் 44 கிலோ வாயுவும் வரும். சிவகாசித் தீக்குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டு இருக்கிறது. குளோரைடுக்கும் குளோரேட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஊர்ப் பிள்ளைகள் உயிர்காக்கும் பாடமாகவே கற்கலாம். தூத்துக்குடிக்கு உப்பு, ராணிப்பேட்டைக்குக் குரோமியக் கழிவு.

இளைஞர்களே, அரசு திருத்தட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஊர்ப் படிப்பகங்களில் மாலை நேரத்தில் செய்தித்தாளைப் புரட்டிவிட்டுக் கலையும் தோழர்கள், வாரத்திற்கு ஒரு மாலையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம். ஒரு யூரியா மூட்டையின் பையையும், ஒரு தீப்பெட்டியையும், ஒரு கரித்துண்டையும் மேசைமீது வையுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, அது நமக்கு எப்படித் தெரியும் என்ற மூன்றையும் கேளுங்கள். விடை தவறினால் குற்றமில்லை. மீண்டும் நிறுத்து, மீண்டும் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.